பேராயரின் குண்டூசி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் அடக்க ஆராதனையில் பேராயர் ஒரு ஜெபத்தை விட்டுவிட்டார்.

அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், கையில் புத்தகம் இருந்தது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் நிற்பதைப் பார்த்து யாரோ ஆராதனைப் புத்தகத்தைத் திறந்து கொடுத்துவிட்டார்கள். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். அச்சடித்த தாளைக் கொடுத்தால் விரல் தானாகப் போய் வரியைப் பிடித்துக்கொள்ளும். அவர் வாசிக்க வாசிக்க விரல் நகர்ந்தது. மண் போடும் இடம் முடிந்தது. பக்கத்தைத் திருப்பினேன். மேல் பாதியில் ஒரு ஜெபம். இந்தச் சகோதரியை இவ்வுலகத் துயரத்திலிருந்து எடுத்துக்கொண்டதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் ஜெபம். விரல் அதன் முதல் எழுத்தில் நின்றது. குரல் அதைத் தாண்டிக் கீழே போய்விட்டது.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஏன் விட்டார் என்ற கேள்விதான் வந்தது.

அன்றைக்கு எனக்குள் அசைந்தது அது ஒன்றுதான். ஐந்து மாதமாக அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

2

சரி, கதையை ஒழுங்காகத் தொடங்கலாம். இவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஓய்வுபெற்ற பேராயர். வயது எண்பத்து நான்கு. குருப்பட்டம் பெற்று அறுபதாவது ஆண்டு. அதற்கு ஒரு மலர் வெளியிடுகிறார்கள். அச்சடிப்பது எங்கள் அச்சகம். வாழ்க்கை வரலாறு எழுத ஆள் கிடைக்காமல் முதலாளி என்னிடம் தள்ளிவிட்டார். "நீ சும்மாதானே இருக்க, எழுதேன்" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முதல் தொடக்கம்:

"அன்னார் இறைபக்தி மிக்க குடும்பத்தில் நான்காவது மகனாக..."

(வேண்டாம். மலரில் வரும் எல்லாரும் இறைபக்தி மிக்க குடும்பத்தில்தான் பிறந்திருக்கிறார்கள்.)

இரண்டாவது தொடக்கம்:

"இருபத்து நான்கு வயதில் குரு. இருபது வருடம் ஆறு சபைகள். பிறகு இறையியல் கல்லூரி. நாற்பத்தெட்டில், பேராயரின் கண் என்று சொல்லப்படும் ஆர்ச்டீக்கன் பதவி. ஐம்பத்தேழில் பேராயர். அறுபத்தேழில் ஓய்வு."

(இது உண்மை. ஆனால் மாடிப்படிக்கட்டை வர்ணித்த மாதிரி இருக்கிறது. ஏறியவரைக் காணோம்.)

மூன்றாவது தொடக்கம்:

"கல்லூரிப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கடிகாரம்."

இது நன்றாக இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன். அவருடைய ஆராதனைக்குப் போனவர்கள் அடுப்பில் உலையை வைத்துவிட்டுப் போவார்களாம். ஞாயிறு ஆராதனை அறுபத்தெட்டு நிமிடம். கல்யாணம் முப்பத்தைந்து. அடக்கம் நாற்பத்தொன்று. கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். "புத்தகத்துல இருக்கிறத வாசிக்கிறதுக்குத்தான் நம்மள வச்சிருக்காங்க" என்பது அவர் வகுப்பின் முதல் வாக்கியம்.*

* அப்படிப்பட்டவர் ஒரு ஜெபத்தை விட்டார். நான் ஏன் இதை விட மாட்டேன் என்கிறேன் என்பது உங்களுக்கு இப்போது புரியும்.

3

கவனித்தது நான் ஒருவன் மட்டுமல்ல. என் மனைவியின் சித்தியும் கவனித்தார். அவர் கையில் புத்தகம் இல்லை. எத்தனையோ அடக்கத்துக்குப் போய்ப் போய் அவருக்கு முழுவதும் மனப்பாடம்.

"மாப்பிள்ளை, அவர் ஒரு ஜெபத்த முழுங்கிட்டார். கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன் சித்தி."

"கவனிச்சுட்டுச் சும்மாவா இருந்தீங்க? எம்பொண்ணு பாதி வழியில நிப்பாளே!"

அவரைக் கெட்டவராகக் காட்டினால் கதைக்கு வசதி. ஆனால் அவர் அப்படியில்லை. என் மனைவி காய்ச்சலில் கிடந்த பதினோரு நாளும் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவர். தலை சீவிவிட்டது அவர்தான். கடைசியாகச் சீவிவிட்டதும் அவர்தான். தன் பெண்ணுக்கு எதுவும் குறையக் கூடாது என்று நினைத்தார். இப்போதைய பேராயரின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டார்.

அலுவலகம் எனக்கு ஒரு படிவம் அனுப்பியது. "அன்றைய ஆராதனையில் ஏதேனும் பகுதி விடுபட்டதா? ஆம் / இல்லை. ஆம் எனில், எப்பகுதி?"

செயலாளரிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"ஆம்னு போட்டா என்ன ஆகும்?"

"பெரியவரைக் கூப்பிட்டுக் கேப்போம். மறந்துட்டேன்னு சொன்னா, வயசாயிடுச்சு, இனிமே ஆராதனை நடத்த வேண்டாம்னு அனுமதிய எடுத்துடுவோம்."

"வேணும்னேதான் விட்டேன்னு சொன்னா?"

"அப்பவும் எடுத்துடுவோம். புத்தகத்துல உள்ளபடி நடத்துறேன்னு உறுதிமொழி குடுத்திருக்காரே." கொஞ்சம் இருமினார். "இல்லைன்னு போடுங்களேன் தம்பி. எனக்கும் அவர்தான் கல்யாணம் பண்ணி வச்சார். முப்பத்தஞ்சு நிமிஷம்."

படிவத்தை அகராதிக்குள் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

4

இந்த இடத்தில் ஒரு பழைய காட்சி வேண்டும். ஆவணங்களில் மூன்று வரிதான் கிடைத்தது: ஓர் இளம் குரு, ஒரு குழந்தையின் அடக்கத்தில் அதே நன்றி ஜெபத்தை விட்டிருக்கிறார், ஆர்ச்டீக்கன் விசாரித்தார், ஆறு மாதம் இடைநீக்கம். விசாரித்த ஆர்ச்டீக்கன் நம்முடைய ஆள்தான், இதே பேராயர். மூன்று வரிக்கு மேல் வருவது என் கற்பனை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

ஆர்ச்டீக்கனுடைய அறையில் மின்விசிறி மூன்றாம் எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. மேசைத் தாள்கள் பறக்காமல் இருக்கக் குண்டூசிக் குப்பியை மேலே வைத்திருந்தார். எதிரே இளம் குரு உட்காரவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அது ஆர்ச்டீக்கனுக்குப் பிடித்திருந்தது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விட்டீரா?"

"விட்டேன் ஐயா."

"பக்கம் ஒட்டிக்கிச்சா?"

இது அவர் நீட்டிய கை. பிடித்துக்கொண்டிருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும்.

"இல்ல ஐயா. அந்தம்மா எனக்கு நேரா நின்னாங்க. புள்ளையோட செருப்பு கையில இருந்துச்சு. அவங்க முகத்தப் பார்த்துக்கிட்டு நன்றின்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"நன்றி நீர் சொல்லலை. சபை சொல்லுது. நீர் வெறும் வாய்."

"அந்த வாய்தான் ஐயா வரலை."

ஆர்ச்டீக்கனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். வாய்க்கு வாய் பேசுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் அவருக்கு அவர்களைத்தான் பிடிக்கும். ஆனாலும் ஒருவர் ஒரு வரியை விட்டால் அடுத்தவர் ஒரு பக்கத்தை விடுவார், அதற்கடுத்தவர் தன் இஷ்டத்துக்கு எழுதி வாசிப்பார் என்று அவருக்குத் தெரியும். துக்கத்தில் நிற்கிறவனுக்குப் பிடித்துக்கொள்ள மாறாத ஒன்று வேண்டும். சுவர் வேண்டும். சுவர் இரக்கப்பட்டு நகர்ந்தால் சாய்கிறவன் எங்கே சாய்வான்?

"ஆறு மாசம்" என்றார்.

இளம் குரு தலையாட்டிவிட்டுப் போனார். அப்படியே போய்விட்டார். இப்போது வாகனம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி வைத்திருக்கிறார்.*

* இது கற்பனை இல்லை. போய்ப் பார்த்தேன். "பெரியவர் நல்லா இருக்காரா?" என்று கேட்டார். விசாரணை பற்றிக் கேட்டதற்கு, "அவர் சொன்னது சரிதான், நான் செஞ்சதும் சரிதான்" என்றார். ஒரு மாணவி பிரேக்குக்குப் பதிலாக வேறு எதையோ மிதித்ததால் பேச்சு அத்தோடு முடிந்தது.

5

பேராயர் வீட்டுக்கு நான் நான்கு முறை போனேன். மகள்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறார். ஐம்பது வயதைத் தாண்டிய கணக்கு ஆசிரியை. எதைக் கேட்டாலும் வழிமுறையோடு பதில் சொல்வார்.

மூன்றாம் முறை, பேராயர் மதியத் தூக்கத்தில் இருந்தார். மலருக்கு அட்டைப்படம் எடுக்க அவருடைய ஆராதனைப் புத்தகத்தைக் கேட்டேன். பெரிய எழுத்துப் பதிப்பு. கறுப்புத் தோல் அட்டை, மூலைகள் தேய்ந்து துணி தெரிந்தது. கல்யாணப் பக்கங்களில் எண்ணெய்க் கறை. அடக்கப் பக்கங்களில் மண்.

திருப்பிக்கொண்டே போனேன். மண் போடும் இடம். அடுத்த தாளைத் திருப்பியபோது இரண்டு தாள் சேர்ந்து வந்தது. மேல் ஓரத்தில் ஒரு குண்டூசி. உள்ளே அடைபட்டிருந்த இரண்டு பக்கங்களிலும், பெரிய எழுத்தில், அந்த ஒரே ஜெபம்.

"அக்கா, இது என்ன?"

எட்டிப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. "அது அப்பா வைக்கிறது. சில பேருக்கு வைப்பார். சில பேருக்கு எடுத்துடுவார்."

"யாருக்கு வைப்பார்?"

"சொல்ல மாட்டார். நானும் கேக்கலை. எனக்குத் தெரிஞ்சு பேராயரானதுக்கு அப்புறம்தான் இந்த வழக்கம்."

"மனப்பாடமா தெரிஞ்சவருக்குக் குண்டூசி எதுக்கு?"

"தெரிஞ்சதாலதான் தம்பி. வாய் பாட்டுக்குப் போயிடும்ல. புத்தகம் தாண்டினாத்தான் அவர் தாண்டுவார்."

ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சல்லடை. குத்தியது, எடுத்தது, மறுபடி குத்தியது. பதினான்கு ஜோடித் துளை வரை எண்ணினேன். அதற்கு மேல் துளைக்குள் துளை.

இங்கே எழுத்தாளனுக்கு ஒரு ஆசை வரும். முதல் குண்டூசி பேராயரின் மனைவிக்காக என்று எழுத ஆசை வரும். எழுதியும் பார்த்தேன்: "தன் மனைவியின் பெட்டிக்கு முன்னால் நின்றபோதுதான் அந்த இளம் குருவின் வாய் அவருக்கு..."

மகளிடம் கேட்டதும் அது உடைந்தது.

"அம்மாவுக்கா? அம்மாவுக்கு ஒரு எழுத்து விடலை. அவரே நடத்தினார். நாங்க வேண்டாம்னோம், கேக்கலை. அந்த ஜெபத்த மத்ததவிட சத்தமா வாசிச்சார். நான் ரெண்டு வருஷம் அவரோட சரியா பேசலை."

ஆக, மற்றவர்களுக்கு விட்டவர் தனக்கு விடவில்லை. இதை என்னால் நேர்கோட்டில் எழுத முடியவில்லை. எழுத முடியாததால் உண்மையாக இருக்கும் என்று தோன்றுகிறது.

பிறகு நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அக்கா, இந்த ஊசி எப்ப வச்சது?"

மகள் யோசித்தார். வழிமுறையோடு சொன்னார். "கடைசியா நடத்தினது உங்க வீட்டுது. அதுக்கப்புறம் எதுவும் இல்ல. உங்களதுக்கு முன்னாடி ஒரு நாலு வயசுக் குழந்தை. அதுக்கு நிச்சயம் வச்சிருப்பார்." நிறுத்தினார். "அத எடுத்துட்டு உங்களுக்குப் புதுசா யோசிச்சு வச்சாரா, இல்ல எடுக்க மறந்து அப்படியே இருந்துச்சா, அது எனக்குத் தெரியாது தம்பி. இப்பல்லாம் மறக்குறார். போன வாரம் ரெண்டு தடவை குளிச்சார்."

கதையின் முடிச்சு இதுதான். பெரிய முடிச்சு இல்லை. ஒரு குண்டூசி அளவு. என் மனைவியை நினைத்து, இருபத்தொன்பது வயதை நினைத்து, என் முகத்தை நினைத்து, அறுபது வருடக் கடிகாரம் ஒன்று நின்றதா? இல்லை, யாரோ ஒரு குழந்தைக்குச் செய்த இரக்கத்தின் மிச்சம் தவறி எங்கள் மேல் விழுந்ததா?

அவரையே கேட்டால் என்ன என்று நினைப்பீர்கள். கேட்டேன். தூங்கி எழுந்து வந்தவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "மலர்ல என் படம் சின்னதா போடுங்க" என்றார். குண்டூசி என்ற சொல் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மறதியா, மறுப்பா என்று அந்த முகத்தில் பிரிக்க முடியவில்லை. அறுபது வருடம் பிறர் ரகசியம் கேட்ட முகம்.

6

முடிவுகளை யோசித்தேன். எழுதியதை எழுதியபடியே வைக்கிறேன்.

அ) பேராயர் இறந்துவிடுகிறார். அவருடைய அடக்கத்தில் அந்த ஜெபம் முழுதாக வாசிக்கப்படுகிறது. (இன்னொரு சாவு வேண்டாம். கதைக்கு வேண்டும் என்பதற்காக ஆளைக் கொல்வது எனக்கு இப்போது முடியாத காரியம்.)

ஆ) வாகனப் பள்ளிக்காரர் வருகிறார், இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். (இருவரையும் பார்த்திருக்கிறேன். கட்டிக்கொள்கிற ஆட்கள் இல்லை.)

இ) பேராயர் என்னைப் பார்த்து, "உன் மனைவிக்காகத்தான் வைத்தேன், மகனே" என்கி

(இதை முடிக்கவில்லை. இது நான் எழுத விரும்பியது. அதனாலேயே இதை நம்ப முடியாது.)

7

உண்மையில் நடந்தது வேறு. நான்காம் முறை போனது ஒரு காலை ஒன்பது மணிக்கு.

சபைக் குரு ஊரில் இல்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இறந்திருந்தார். பத்து மணிக்கு அடக்கம். பேராயரைக் கேட்டிருந்தார்கள். மகளுக்குக் கை சுளுக்கு, கார் ஓட்ட முடியாது. என்னை வரச் சொல்லியிருந்தார்.

"தம்பி, ஒரு விஷயம்" என்று குரலைத் தாழ்த்தினார். "செயலாளர் வர்றார். கையில புத்தகத்தோட. உங்க சித்தி விடலையாம். இன்னைக்கு அப்பா முழுசா வாசிச்சுட்டா புகார மூடிடுவாங்களாம். விட்டா முடிஞ்சுது."

"தபால்காரருக்கு ஊசி வைக்கிற வழக்கமா?"

"சேச்சே. பதினோரு வருஷம் படுக்கையில கிடந்தவர். அவர் வீட்டம்மா ஒருத்தியே தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்துக்கிட்டாங்க. இவங்களுக்குத்தான் அந்த ஜெபமே. அதக் கேக்கத்தான் அந்தம்மா காத்துக்கிட்டிருப்பாங்க."

மகள் கட்டுப்போட்ட கையோடு காபி எடுக்கப் போனார். உள் அறையில் பேராயர் அங்கியின் பொத்தான்களோடு போராடும் சத்தம். முப்பத்தொன்பது பொத்தான் என்று ஒருமுறை சொல்லியிருந்தார். புத்தகம் முன்னறை மேசையில், பையின் மேல் இருந்தது.

திறந்தேன். ஊசி இருந்தது.

இப்போது கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் நான் நிதானமாகத்தான் பார்த்தேன்.

ஊசியை அப்படியே விட்டால், கல்லறையில் ஒன்று நடக்கும். தபால்காரருக்கு ஊசி கூடாது என்று அவருக்கு நினைவிருந்தால், தானே எடுப்பார். எடுத்தால், அவர் ஒவ்வொரு சாவுக்கும் யோசித்துத்தான் வைக்கிறார், எடுக்கிறார் என்று ஆகும். அப்படியானால் என் மனைவிக்கும் யோசித்துத்தான் வைத்தார். எடுக்காமல் தாண்டினால், ஊசி இருப்பதே நினைவில்லை. என் மனைவிக்கு நடந்தது வெறும் மறதி. எப்படியானாலும் பத்தே முக்காலுக்குள் எனக்குப் பதில் கிடைத்துவிடும். ஐந்து மாதத்தில் நான் விரும்பிய ஒரே பொருள் அந்தப் பதில்.

ஊசியை எடுத்துவிட்டால், தபால்காரரின் மனைவிக்கு அவர் ஜெபம் கிடைக்கும். பேராயருக்கு அவர் வேலை மிஞ்சும். எனக்கு ஒருபோதும் தெரியாது.

"அப்பாவுக்குச் சர்க்கரை போடலை, உங்களுக்குப் போடவா?" சமையலறையிலிருந்து குரல்.

"போடுங்கக்கா."

(இந்த இடத்தில் நான் என் மனைவியை நினைத்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். நான் நினைத்தது தபால்காரர் வீட்டம்மாவை. அவரை எனக்குத் தெரியவே தெரியாது.)

எடுத்துவிட்டேன்.

சட்டைப் பையில் போட்டேன். குத்தியது. காபி குடித்தேன்.

8

இந்தக் கதைக்கு ஏன் முடிவு இல்லை என்று இப்போது உங்களுக்குத் தெரியும். சாமர்த்தியம் காட்டுவதற்காக நான் முடிவை ஒளிக்கவில்லை. முடிவைக் கையால் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டவன் நான்.

மிச்சத்தைச் சொல்கிறேன். வெயில் நன்றாக அடித்தது. செயலாளர் தலைமாட்டில் புத்தகத்தோடு நின்றார், சித்தி கொஞ்சம் தள்ளிக் குடையோடு. பேராயரின் குரல் தெளிவாக இருந்தது. மண் போட்டாயிற்று. அவர் அந்தப் பக்கத்துக்கு வந்தார்.

நான் நேர் எதிரே நின்றிருந்தேன். அவர் தாளைத் திருப்பவில்லை. கட்டைவிரல் மேல் ஓரத்துக்குப் போனது. ஊசி இருக்கும் இடத்துக்கு. அங்கே தடவியது. ஒரு முறை. மறுபடி ஒரு முறை. மூன்று மூச்சு அளவு நேரம் அவர் எதுவும் வாசிக்கவில்லை. செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். பேராயர் என்னைப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள். வெயில் அவர் கண்ணாடியில் பட்டுக்கொண்டிருந்தது.

பிறகு தாளைத் திருப்பி அந்த ஜெபத்தை முழுவதும் வாசித்தார். தபால்காரரின் மனைவி முதல் வரியிலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அவர் மகன் தோளைப் பிடித்துக்கொண்டான். அந்தம்மா ஒரு மூட்டையை இறக்கி வைத்தவரைப் போல அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சித்தியின் உதடுகள் கூடவே அசைந்தன. கடைசி வரியில் சித்தி தன் பெண்ணின் பெயரையும் சேர்த்துச் சொன்னதை நான் பார்த்தேன்.

திரும்பும்போது காரில் பின்னிருக்கையில் இருந்து குரல்.

"எவ்வளவு ஆச்சு?"

மகள் கடிகாரத்தைப் பார்த்தார். "நாப்பத்தொண்ணு அப்பா."

"இல்லியே" என்றார் பேராயர். "கொஞ்சம் கூட வந்திருக்குமே."

தூங்கிவிட்டார், அல்லது கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கட்டைவிரல் ஊசியை எடுக்கத் தேடியதா, ஊசி அங்கே இல்லை என்று உறுதி செய்துகொண்டதா, பழைய துளைகளைச் சும்மா வருடியதா? மெய்ப்புத் திருத்துகிறவன் சந்தேகமான இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, எழுதியவரிடமே திருப்பி அனுப்புவான். இங்கே எழுதியவனே நான். வாசிக்கிற நீங்கள்தான் மிச்சம். பக்கத்தின் ஓரம் காலியாகத்தான் இருக்கிறது.

குண்டூசி என்னிடம் இருக்கிறது. அகராதிக்குள், படிவத்தில் "ஆம் / இல்லை" என்ற இடத்தில் குத்தி வைத்திருக்கிறேன்.